குழந்தையின் தலையில் திட்டுத் திட்டாக முடி கொட்டுகிறதா? மொட்டை அடிக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்

பிள்ளையின் தலையில் காசு அளவுக்கு முடி கொட்டியிருந்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கிறோம். மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு பூசுகிறோம். அதற்கும் சரியாகாவிட்டால் மொட்டை அடித்துவிடுகிறோம். ஆனால், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் திட்டுகளுக்குக் காரணங்கள் வேறு வேறு. புழுவெட்டுக்குத் தரும் ஸ்டீராய்டு களிம்பு, படையை மேலும் பரப்பிவிடும்.

காரணத்தைக் கண்டறிய ஊசியோ கத்தியோ தேவையில்லாத எளிய வழி ஒன்று உண்டு. அதன் பெயர் டிரைக்கோஸ்கோபி. 2006-ல் போலந்து நாட்டுத் தோல் மருத்துவர்கள் லிடியா ருட்னிக்கா, மால்கோர்சாட்டா ஓல்செவ்ஸ்கா ஆகியோர் இப்பெயரைச் சூட்டினர். 10 மடங்கோ அதற்கு மேலோ பெரிதாக்கிக் காட்டும், விளக்கு பொருத்திய கருவியைத் தலையில் வைத்து மருத்துவர் பார்ப்பார். வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தாயின் மடியில் இருக்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அதில் என்ன தெரியும்?

படை: இது பூஞ்சைத் தொற்று. முடி காற்புள்ளி போல வளைந்தோ, சுருள்கம்பி போல முறுக்கியோ ஒடிந்திருக்கும். களிம்பு மட்டும் போதாது. பல வாரங்கள் உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் சீழ் கட்டி, தழும்பாகி, அங்கே முடி முளைக்காமலே போகலாம்.

புழுவெட்டு: ஆச்சரியக்குறி போல, மேலே தடித்து அடியில் மெலிந்த முடிகள் தெரியும். புழு எதுவும் வெட்டுவதில்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. இது யாருக்கும் ஒட்டாது.

முடி பிடுங்கும் பழக்கம்: முடிகள் வெவ்வேறு நீளங்களில் ஒடிந்திருக்கும். அடித்தும் திட்டியும் இதை மாற்ற முடியாது. பிள்ளையின் மனக்கவலையை அறிந்து, மனநல ஆலோசனை பெற வேண்டும்.

இந்த அடையாளங்கள் பெரும்பாலும் ஒடிந்த முடியில்தான் இருக்கின்றன. மொட்டை அடித்தால் அவை போய்விடும். ஆகவே முடியை மழிக்காமல், எண்ணெய் தடவாமல் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். படை என்று சந்தேகம் வந்தால் செதிலைச் சுரண்டி எடுத்தும் பரிசோதிப்பார்கள். தோலை வெட்டிச் சோதிக்க வேண்டிய நிலை பிள்ளைகளுக்கு அரிதாகவே வரும்.

கனகம்மாசத்திரத்தில் இருப்பவர்கள் தோல் மருத்துவரைப் பார்க்கத் திருத்தணிக்கோ திருவள்ளூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் வேலை கெடும். ஆனால் தவறான களிம்பில் கழியும் மாதங்களைவிட அந்த ஒரு நாள் பெரிதல்ல. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வோர் தோல் பிரிவு எது என்று கேட்டு அங்கே காட்டலாம்.

படை என்று உறுதியானால் சீப்பு, தொப்பி, மக்கனா, தலையணை ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். வீட்டின் மற்ற பிள்ளைகளையும் காட்டுங்கள். புழுவெட்டு என்றால் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை பள்ளியிலும் மதரஸாவிலும் எல்லோருடனும் சேர்ந்தே உட்காரட்டும்.