பெட்டியில் உறங்கும் அழகு

சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் ஒரு திருமணம் நடைபெற்றது. மணமகள் என் தமக்கையின் மகள். பாட்டியின் கூறைப்புடவையையே மணமேடையில் உடுத்த வேண்டும் என்று அவள் விரும்பினாள். என் அன்னையார் தம் திருமணத்தன்று நாகர்கோவிலில் உடுத்திய புடவை அது. அரக்குச் சிவப்புப் பட்டு, அகன்ற சரிகைக் கரை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அதனை ஒரு மரப்பெட்டியில், நாப்தலீன் உருண்டைகள் இட்டு, ஒருவர் கையும் படாமல் அன்னையார் காத்து வந்தார். பெட்டியைத் திறந்து புடவையை விரித்தபோது, மடிப்புகள் அனைத்திலும் பட்டு இற்றுப்போயிருந்தது, சரிகையும் கறுத்திருந்தது. "உடுத்தினால் கெட்டுவிடும் என்றல்லவா வைத்திருந்தேன்!" என்று அன்னையார் கூறியது இன்னும் என் செவியில் ஒலிக்கிறது.

அழகிய பொருள்களை நாம் பெரும்பாலும் இவ்வாறே நடத்துகிறோம். நல்லவற்றை ஒரு திருநாளுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்ற நாள்களை அழகின்றியே கழிக்கிறோம். ஆனால் கண்ணும் கையும் நாள்தோறும் பழகுவதனால் நிலைபெறுவதே அழகு. பழக்கம் அற்றுப்போனால் பொருளும் இற்றுப்போகும். அதனைச் சுவைக்கும் உள்ளமும் மங்கிப்போகும். நான் வாழும் திருவனந்தபுரம் நகரைச் சான்றாகக் கொண்டு இதனைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

இந்நகரின் நடுவே அருங்காட்சியகத் தோட்டம் இருக்கிறது. காலையில் உலாவ வருவோர் பலர். அங்குள்ள கட்டடத்தை நின்று நோக்குவோர் சிலரே. சென்னை அரசின் கட்டடக் கலைஞராக விளங்கிய ராபர்ட் சிஷோம் வகுத்த அமைப்பின்படி 1880ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம் அது. சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரைத் தாங்கியது. கேரள நாட்டுக் கோயில்களிலும் இல்லங்களிலும் காணப்படும் சரிந்த கூரையையும் மர வேலைப்பாட்டையும் வெளிநாட்டுப் பாணியோடு அவர் இணைத்தார். காற்று தானே உலவுமாறு அமைந்த கூடங்களில், சுவர்களும் வளைவுகளும் வண்ணப் பட்டைகள் தீட்டப்பெற்று நிற்கின்றன. வீட்டுச் சுவருக்கு என்ன வண்ணம் பூசலாம் என்று திகைப்பவர், அங்கே ஒரு நாழிகை நின்றாலே போதும்.

அதே வளாகத்தில் 1935ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் உள்ளது. ரவிவர்மாவின் ஓவியங்களுக்கெனத் தனிக்கூடம் ஒன்றும் 2023ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. திருவனந்தபுரத்திற்கு வடக்கே கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்த ரவிவர்மா, 1894ஆம் ஆண்டு பம்பாய்ப் பக்கத்தில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவி, தம் ஓவியங்களின் படிகளை எளியோர் வீட்டுச் சுவருக்கும் கொண்டு சேர்த்தார். கலை அரண்மனைப் பெட்டியில் உறங்கலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இத்தொகுப்பில் 'அன்னமும் தமயந்தியும்' என்னும் ஓவியம் ஒன்று உண்டு. புகழேந்தியின் நளவெண்பாவால் நமக்கு அறிமுகமான காட்சிதான். செவ்வண்ணச் சேலை உடுத்திய தமயந்தி, அன்னம் கூறும் நளனின் செய்திக்குச் செவிசாய்த்து நிற்கிறாள். கதையை அறிந்துகொண்டு அப்பால் நகர்ந்துவிடாமல், அச்சேலையை மட்டும் சற்று நேரம் நோக்குங்கள். துணி எங்கே இறுகுகிறது, எங்கே நெகிழ்ந்து விழுகிறது, கரை எவ்வாறு உடலின் வளைவைத் தொடர்கிறது என்பவற்றை ஓவியர் எவ்வளவு பொறுமையோடு கண்டிருக்கிறார்! இதனை ஒரு முறை உணர்ந்தவர், மறுநாள் தம் வீட்டுக் கொடியில் உலரும் துணியையும் புதிய கண்ணோடு காண்பார்.

கோட்டைக்குள்ளே, பத்மநாப சுவாமி கோயிலின் அருகில், சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுவித்த குதிரைமாளிகை நிற்கிறது. கூரையின் அடியில் மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் அதனைத் தாங்குவன போல் வரிசையாக நிற்கின்றன. தலை நிமிர்ந்தவருக்கே அவை தோன்றும். கோயிலுக்குச் செல்லும் அவசரத்தில் பல ஆண்டுகள் நானே அவற்றைக் காணாது கடந்திருக்கிறேன்.

ஓவியத்தில் கண்ட துணி நெய்யப்படும் இடத்தையும் காண வேண்டுமல்லவா? நகருக்குத் தெற்கே, நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் பாலராமபுரம் உள்ளது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், அரண்மனைக்குத் துணி நெய்வதற்காகத் தமிழ் வழங்கும் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து, எறிநாடாவைக் கையால் எறிந்து நெய்கின்றனர். பாவைத் தெருவில் நீள விரித்து, கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி உலர்த்துவது அங்குள்ள பழைய வழக்கம். இருபுறமும் ஒன்றுபோல் தோன்றுவது அத்துணியின் சிறப்பு. வெண்மையான பருத்தியும் ஓரத்தில் ஒரு பொன்னிறக் கோடும். அவ்வளவே அதன் அழகு. நாம் சரிகை என்பதை மலையாளத்தார் கசவு என்பர்.

இந்தக் கசவுத் துணியே கேரளத்துப் பழைய திருமணக் கோலத்தின் உயிர். முண்டும் நேரியதும், கூந்தலில் முல்லையும், அளவான அணிகளும் அக்கோலத்தின் இலக்கணம். நாயர் குலத்தாரின் திருமணத்தில், மணமகன் மணமகளுக்குத் துணி வழங்குவதே தலையாய சடங்கு. அதற்குப் 'புடவ கொட' என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, மொழிபெயர்க்கும் வேலையே வைக்காத சொல் அது. நம்மிடத்தும் மயிலாடுதுறைக் கூறைநாட்டின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கூறைப்புடவை மணமகளுக்கு உரியதன்றோ? இரு மொழியாரும் ஒரு துணியைச் சாட்சியாக வைத்தே இல்லறத்தைத் தொடங்கினர்.

அத்தகைய துணியைக் காப்பது எவ்வாறு? பழைய பட்டை நெகிழித்தாளில் சுற்றலாகாது. துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். நாப்தலீன் உருண்டை சரிகையைத் தொடலாகாது. மூன்று திங்களுக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பை விட்டு வேறு மடிப்பாக மடிக்க வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் உடுத்த வேண்டும். உடுத்துவோர் இருந்தால்தான் நெய்வோரும் இருப்பர். விசைத்தறித் துணியின் மலிவுக்கு முன்னே கைத்தறி தளர்ந்து வரும் இந்நாளில், வீட்டிற்கு ஒரு கைத்தறி ஆடை என்பது சிறு செயலாகத் தோன்றலாம். பாலராமபுரத்துத் தெருவில் அது ஒருவரின் பல நாள் வேலை.

எங்கள் வீட்டுப் புடவையில் முந்தானையின் ஒரு பகுதி மட்டும் சிதையாமல் இருந்தது. அதனை மணமகளின் ரவிக்கையில் வைத்துத் தைத்தோம். அவள் உடுத்திய புதிய கூறைப்புடவை இப்போது பெட்டியில் இல்லை. அலமாரியின் நடுத்தட்டில், எளிதில் கை எட்டும் இடத்தில் இருக்கிறது. சென்ற பொங்கலன்று அவள் அதனை உடுத்தி வந்தாள். உண்ணும்போது கரையில் ஒரு துளி நெய் பட்டுவிட்டது. அதனைக் கண்ட அன்னையார் கடிந்துகொள்ளவில்லை. தாமே அருகில் அமர்ந்து, மெல்லத் துடைத்துக் கொடுத்தார்.