குதிரைக்குக் கணக்குத் தெரியுமா?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து புத்தம்புதிய கார்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அக்கார்களின் எஞ்சின் திறனை இன்றும் 'குதிரைத்திறன்' என்ற அலகாலும் குறிப்பிடுகிறோம். ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட். நீராவி எஞ்சினின் வேலையைக் குதிரையின் உழைப்போடு ஒப்பிட்டு ஜேம்ஸ் வாட் வகுத்த அளவு இது. குதிரையின் வலிமையை அளந்தாயிற்று. அதன் அறிவை அளப்பது எப்படி?

1904ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை பெரும் புகழ் பெற்றது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அதற்குக் கணக்குக் கற்பித்திருந்தார். "இரண்டும் மூன்றும் எத்தனை?" என்று கேட்டால், ஹான்ஸ் குளம்பால் தரையை ஐந்து முறை தட்டும். அவர் இல்லாத வேளையில் பிறர் கேட்டாலும் சரியாகவே தட்டியது! ஆராய வந்த குழுவினர் இதில் மோசடி எதையும் காணவில்லை.

பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் சோதனையைச் சற்று மாற்றினார். விடை தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்கச் செய்தார். ஹான்ஸ் பெரும்பாலும் தவறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தார், அப்போதும் தவறியது. காரணம் என்ன? ஹான்ஸ் தட்டத் தொடங்கியதும், கேட்பவர் குளம்பைக் கவனிக்கச் சிறிது குனிவார். சரியான எண் வந்ததும், தம்மை அறியாமலே தலையை இம்மியளவு நிமிர்த்துவார். அதைக் கண்டு ஹான்ஸ் நிறுத்திவிடும்!

அப்படியானால் ஹான்ஸ் அறிவற்றதா? இல்லை. அதற்குக் கணக்குத் தெரியாது. ஆனால் மனிதரே உணராத அசைவுகளை அது படித்தது.

குதிரையிடமே அதன் விருப்பத்தைக் கேட்கவும் வழி உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 23 குதிரைகளுக்குக் குறியீட்டுப் பலகைகளைத் தொடப் பழக்கினர். ஒரு பலகைக்குப் 'போர்வை போடு' என்று பொருள், மற்றொன்றுக்கு 'எடுத்துவிடு', கோடற்ற பலகைக்கு 'இப்படியே இருக்கட்டும்'. 14 நாட்களுக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. குளிர் மழையில் போர்வை கேட்டன. வெப்பத்தில் அகற்றச் சொன்னன. 2016இல் இந்த ஆய்வு வெளியாயிற்று.

ஹான்ஸ் புகட்டிய பாடம் மருத்துவத்துக்கும் பொருந்தும். புதிய மருந்தைச் சோதிக்கும்போது, யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைப்பதுண்டு. எதிர்பார்ப்பு முடிவைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா?

உங்கள் வீட்டு நாயின் அறிவைச் சோதிக்க விரும்புகிறீர்களா? தின்பண்டத்தை ஒளித்து வைப்பவர் ஒருவராகவும், நாயின் அருகில் நிற்பவர் வேறொருவராகவும் இருக்கட்டும்!