மாடி ஏறாத வைஃபை



கீழே ஹாலில் வீடியோ தங்குதடையின்றி ஓடும். அதே போனை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நம்மில் பல பேர் வீட்டில் இதுதான் நிலைமை. "ஸ்பீடு பத்தல, பெரிய பிளானா போட்டுடலாம்" என்பார்கள். மாதாமாதம் காசு கூடுதலாகப் போகும். வட்டம் மட்டும் நிற்காது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாய் அடைத்திருந்தால் சொட்டுச் சொட்டாகத்தானே வரும்!

எனவே முதலில் சோதனை. ரூட்டர் பக்கத்தில் நின்று வேகத்தைப் பாருங்கள். பிறகு மாடியில் பாருங்கள். கீழே சரியாக வந்து, மேலே மட்டும் படுத்துவிட்டால் குறை பிளானில் இல்லை, வழியில்!

அந்த வழியில் நிற்பது எது? சிவில் நண்பர்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் கான்கிரீட் தளம் சுமார் 10 முதல் 15 செ.மீ. தடிமன் இருக்கும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி. கான்கிரீட் ரேடியோ அலையை உறிஞ்சும்; கம்பி ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12.5 செ.மீ. நீளம், 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 6 செ.மீ. பின்னது வேகமானது, ஆனால் தளத்தைத் தாண்டுவதில் முன்னதை விட மோசம். ஆகவே மாடியில் 2.4-ஐத் தேர்ந்தெடுத்தால் பல சமயம் இணைப்பு அறுபடாமல் நிற்கும்.

சிக்னல் அளவை டி.பி.எம். கணக்கில் காட்டும் செயலிகள் போனுக்கு உண்டு. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். மைனஸ் 80 என்றால் பேருக்குத்தான் சிக்னல். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு! இதை நாம் வகுப்பில் படித்தோமே, அது இங்கேதான் உதவுகிறது.

இனி வைத்தியம். காசில்லாத வைத்தியம் முதலில். ரூட்டரை டி.வி.க்குப் பின்னாலும், இரும்பு பீரோ பக்கத்திலும் வைக்காதீர்கள். மாடிப்படி அருகே உயரமாக வையுங்கள்; படிக்கட்டுத் திறப்பில் தளம் இல்லையல்லவா! நிமிர்ந்து நிற்கும் குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் பலமாக அனுப்பும், தன் நுனிக்கு நேர் மேலே மிகக் குறைவு. மாடி அறை ரூட்டருக்கு நேர் மேலே இருந்தால் ஒரு ஆன்டெனாவைப் படுக்க வைத்துப் பாருங்கள். ஆனால் பைபர் ஒயரை நீங்களே இழுத்து மடக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

அடுத்தது ரிப்பீட்டர். இதைச் சிக்னலே இல்லாத மாடி அறையில் மாட்டினால் பலனில்லை. நல்ல சிக்னலை வாங்கினால்தான் நல்லதைக் கொடுக்கும். படிக்கட்டு நடுவில் மாட்டுவதே சரி. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் நடந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிரந்தர வைத்தியம் ஒயர்தான். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். வீட்டுக்கு அதில் கால்வாசி கூட வேண்டாம். ஜன்னல் வழியாக மேலே இழுத்து, சும்மா கிடக்கும் பழைய ரூட்டரில் சொருகலாம். அதற்கு முன் அந்தப் பழைய ரூட்டரின் முகவரியை முதல் ரூட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றுங்கள். அதில் டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். கேபிளை வான் துளையில் அல்ல, லான் துளையில் சொருகுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஆனால் 2.4-ல் சேனல் மட்டும் வேறு வேறு: 1, 6, 11 இவற்றில் ஒவ்வொன்று. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

நண்பர்களே, இறுதியாண்டு வந்தால் வேலைக்கான நேர்காணல் கூட ஆன்லைனில் நடக்கிறது. பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது குரல் அறுந்தால், "சார், மாடியில் நெட் வரல" என்று சொல்லக்கூட வழியிருக்காது. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த நம்மிடம்தான், "நீ படிச்ச புள்ள, எது நல்லதுன்னு சொல்லு" என்று அப்பாவும் பக்கத்து வீட்டாரும் கேட்கிறார்கள். அளந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம். பெரிய பிளானுக்கு மாதாமாதம் போகும் காசை, ஒருமுறை வாங்கும் கேபிள் மிச்சப்படுத்திவிடும்!