உங்க ஆபீஸ் இன்சூரன்ஸ்ல உங்க தங்கச்சி இருக்காளா?



ஹார்ட், சுகர், ஆக்சிடென்ட், இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் வேணும்னு நமக்குத் தெரியும். ஆனா வீட்ல இருக்கிற 15 வயசுப் பிள்ளையை மனநலச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தா? அந்தக் கணக்கை நாம யாரும் போட்டு வைக்கிறதில்ல. இன்னைக்கு அதைத்தான் போடப் போறோம்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கலாம். ஊர் காஞ்சிபுரம் பக்கத்துல திருப்புட்குழி. அப்பாவும் அம்மாவும் பட்டு நெய்றாங்க. மகனுக்கு 26 வயசு, ஸ்ரீபெரும்புதூர்ல வேலை. தங்கச்சி பத்தாவது படிக்கிறா. சில மாசமா தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, ஸ்கூலுக்கும் போகல. வெளிநோயாளியா வைத்தியம் பார்த்தும் குறையல. "மூணு வாரம் அட்மிட் பண்ணிப் பார்க்கலாம்"னு டாக்டர் சொல்றார்.

"கவலைப்படாதீங்கப்பா, என் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு மகன் சொல்றான். இங்கதான் முதல் ஓட்டை.

1. தங்கச்சி பேரு லிஸ்ட்லயே இல்ல

கம்பெனி குரூப் பாலிசியில பொதுவா நீங்க, உங்க மனைவி அல்லது கணவர், குழந்தைகள் வருவாங்க. சில கம்பெனியில அப்பா அம்மாவும் உண்டு. கூடப் பிறந்தவங்க பெரும்பாலும் வர மாட்டாங்க.

மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இஎஸ்ஐ இருக்கிறவங்களுக்கும் இதே கதைதான். உங்களுக்குக் கல்யாணம் ஆகாம, பெற்றோரும் உயிரோட இல்லாம, உங்க சம்பளத்தையே நம்பி இருக்கிற 18 வயசுக்குட்பட்ட தம்பி தங்கச்சிக்கு மட்டும்தான் அதுல இடம்.

அப்போ என்ன வழி? அப்பா பேர்ல ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர். அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரும் அதுல வருவாங்க. பிரீமியம் நீங்க கட்டுங்க. நோய் தெரிஞ்ச பிறகு எடுத்தா, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் போட முடியும். அதனால நல்லா இருக்கும்போதே எடுத்துடணும்.

2. மனநோய்னா கிளெய்ம் கிடைக்காதா?

கிடைக்கணும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 21(4) தெளிவா சொல்லுது: உடல் நோய்க்கு எப்படி இன்சூரன்ஸ் தர்றாங்களோ, அதே அடிப்படையில மனநோய்க்கும் தரணும். இந்தச் சட்டம் 2018 மே 29-ல் அமலுக்கு வந்தது. எல்லா பாலிசியும் இதுக்கு ஏத்த மாதிரி மாறணும்னு ஐஆர்டிஏஐ 2022 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது.

ஆனா ஒண்ணு. பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனா மட்டும்தான் பணம் தரும். டிஸ்சார்ஜுக்கு அப்புறம் மாசக்கணக்குல தொடர்ற கவுன்சிலிங் பெரும்பாலும் உங்க கைக்காசுதான்.

3. எந்த பில்லிலும் வராத செலவு

அதே சட்டத்தோட பிரிவு 87-ஐ பலர் கவனிக்கிறதில்ல. 18 வயசுக்குட்பட்டவங்களை அட்மிட் பண்ணா, பெற்றோரோ அவங்க நியமிக்கிற ஒருத்தரோ முழு நாளும் கூடவே தங்கணும். பெண் குழந்தையா இருந்து, பொறுப்பாளர் ஆணா இருந்தா, ஒரு பெண் துணை கட்டாயம்.

நம்ம குடும்பத்துல அது அம்மா. கோர்வைப் புடவைன்னா ஒருத்தர் உடலை நெய்ய, இன்னொருத்தர் பக்கத்துல உட்கார்ந்து கரைக்கு நாடா போடணும். அம்மா ஆஸ்பத்திரியில இருந்தா அப்பாவும் தறியில உட்கார முடியாது. அதாவது ஒரு ஆள் லீவு இல்ல, மொத்தத் தறியும் நிக்குது.

தறி வருமானம் மாசம் 16,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வார்டில் 3 வாரம், வீட்டுக்கு வந்து பிள்ளை பழகற வரைக்கும் 3 வாரம், ஆக ஒன்றரை மாசம். 24,000 ரூபாய் போச்சு. பஸ், சாப்பாடு தனி. சில பாலிசியில குழந்தையோட தங்கற பெற்றோருக்கு தினப்படி உண்டு. ஆனா அது பல பாலிசியில 12 வயசு வரைதான்.

இந்த விதியைச் சுமைன்னு நினைக்காதீங்க. பெரியவங்க வார்டுல போடாம குழந்தைகளைத் தனியா வைக்கணும்னும் அதே பிரிவுதான் சொல்லுது. குடும்பத்தையும் சேர்த்து உள்ளே தங்க வைக்கிறது நம்ம நாட்டுல புதுசும் இல்ல. 1950-கள்லயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளோட குடும்பத்தையும் வளாகத்துல கூடாரம் போட்டுத் தங்க வெச்சார். வேலூர் சிஎம்சி-யோட பாகாயம் மையமும் இந்த வழியில முன்னோடி. திருப்புட்குழிலேருந்து பெங்களூர் ரோட்டைப் பிடிச்சா வேலூர் பக்கம்தான். பிள்ளை கோபப்பட்டா எப்படிப் பேசணும், மாத்திரையை எப்படிக் கொடுக்கணும், எதைப் பார்த்தா உடனே டாக்டர்கிட்ட ஓடணும், இதெல்லாம் அம்மா வார்டுலேயே கத்துக்கிறாங்க. திரும்பி வர்ற வீடு மாறலைன்னா மூணு வாரச் சிகிச்சை வீண்தானே?

4. இந்த வாரமே செய்ய வேண்டியது

- ஹெச்ஆர்கிட்ட உங்க பாலிசியில யார் யார் பேர் இருக்குன்னு மெயில்ல கேளுங்க.
- வீட்டு பாலிசியில மூணு விஷயம் பாருங்க: மனநோய்க்குத் தனி உச்சவரம்பு இருக்கா, ரூம் வாடகை வரம்பு எவ்வளவு, காத்திருப்புக் காலம் எவ்வளவு.
- அவசர நிதி போடும்போது உங்க செலவை மட்டும் பார்க்காதீங்க. வீட்டோட 2 மாச வருமானத்தையும் சேருங்க.
- வருஷத்துல ஒரு வாரம் லீவை மிச்சம் வைங்க. லீவு கேட்கும்போது "தங்கச்சி ஆஸ்பத்திரியில இருக்கா" போதும். நோய் பேரை ஆபீஸ் முழுக்கச் சொல்லணும்னு இல்ல.
- கிளெய்மை மறுத்தா, காரணத்தை எழுத்துல வாங்குங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவு. 30 நாள்ல தீரலைன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். அங்கே கட்டணம் கிடையாது.
- காசு இல்லைன்னு சிகிச்சையைத் தள்ளிப் போடாதீங்க. சென்னையில கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கு. எங்கே போறதுன்னே தெரியலைன்னா 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.

அண்ணன் சம்பாதிக்கிறான்கிற தைரியத்துலதான் பல வீடுகள் ஓடுது. அந்த தைரியம் ஒரு பாலிசி பேப்பர்லயும் இருக்கணும். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணும்போது தங்கச்சிகிட்டயும் ரெண்டு நிமிஷம் பேசுங்க. நல்லா தூங்கறியான்னு கேளுங்க.

உங்க பாலிசியில என்ன போட்டிருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல ஃபேமிலி ஃப்ளோட்டரை வரி வரியா படிக்கலாம்.