கூரைக்கடியில் ஓக் தரை

ஈஸ்ட் ஹாம் பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், லண்டன் வீடுகளின் முதுகுப்பக்கம் வரிசையாகத் தெரியும். நூறாண்டு தாண்டிய செங்கல் வீடுகள், சரிந்த கூரைகள், அந்தக் கூரைகளின் பின்புறம் பிதுங்கி நிற்கும் புது அறைகள். ஒரு காலத்தில் தண்ணீர்த் தொட்டியும் பழைய சூட்கேஸ்களும் கிடந்த பரண் அது. இன்று அங்கே கல்லூரி போகும் மகளின் கட்டில் இருக்கிறது. அல்லது வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகனின் மேசை.

இங்கிலாந்தில் இதற்கு லாஃப்ட் கன்வெர்ஷன் என்று பெயர். பெரிய வீட்டுக்கு மாறுவதென்றால் ஸ்டாம்ப் டியூட்டி, வக்கீல் செலவு, பிள்ளைகளின் பள்ளி என்று ஆயிரம் யோசனை. அதனால் பலர் இருக்கிற வீட்டையே மேல்நோக்கி வளர்க்கிறார்கள். அடுத்தடுத்து ஒட்டிய வரிசை வீடென்றால் கூரையில் 40 கன மீட்டர் வரைக்கும், தனி வீடு அல்லது இரட்டை வீடென்றால் 50 கன மீட்டர் வரைக்கும் பெரும்பாலும் திட்ட அனுமதி இல்லாமலே கூட்டிக்கொள்ளலாம். கட்டட விதிகளின்படியான ஒப்புதல் மட்டும் எல்லோருக்கும் கட்டாயம்.

கூரை எழும்பி, ஜன்னல் பொருத்தி, சுவர் பூசி முடியும் தறுவாயில்தான் பல குடும்பங்கள் தரையைப் பற்றிப் பேசவே தொடங்குகின்றன. கார்ப்பெட் தூசி பிடிக்கும், லேமினேட் போலியாகத் தெரியும், அசல் ஓக் பலகையே போட்டுவிடலாம் என்று முடிவாகும். ஆசையில் குறையொன்றுமில்லை. ஆனால் அசல் மரத்தரைக்கு அந்த வீட்டிலேயே மிகக் கடினமான அறை இந்தப் பரண்தான். அங்கே தரையைக் கடைசியாகப் பேசுவது நஷ்டத்தில் முடியும்.

அடியில் இருப்பது என்ன?

பழைய வீடுகளின் பரணில் கால் வைத்தால் தட்டுப்படும் சட்டங்கள், கீழறையின் மேற்கூரைப் பூச்சைத் தாங்குவதற்காக மட்டும் போடப்பட்டவை. பெரும்பாலும் நாலங்குல உயரம், இரண்டங்குல கனம். மனிதர் நடமாட, கட்டிலும் அலமாரியும் நிற்க அவை போதாது. அதனால் அவற்றுக்கு இடையிடையே ஏழு அல்லது எட்டங்குல உயரமுள்ள புதிய தாங்குசட்டங்களை இறக்குவார்கள். இவற்றைத்தான் ஜாய்ஸ்ட் என்கிறார்கள். இவை பழைய மேற்கூரையைத் தொடாமல், சுவரிலோ இரும்பு உத்தரத்திலோ ஏறி உட்காரும். வீட்டுத்தரைக்குப் பொறியாளர்கள் வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் புழங்குபாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ.

மரத்தரையின் சொந்த எடை இந்தக் கணக்கில் சேராது; அது தனி. ஓக் மரம் ஒரு கன மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல் வரும். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ. 20 சதுர மீட்டர் அறைக்கு 280 கிலோவைத் தாண்டும். தாங்காத எடையல்ல. வரைபடம் போடும்போதே பொறியாளர் காதில் போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

பலரும் கவனிக்காமல் விடுவது படிக்கட்டை. படிகளின் உயரம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. கார்ப்பெட்டை மனதில் வைத்து தச்சர் படிக்கட்டைப் பொருத்திவிட்டார், பிறகு மேலே 20 மில்லிமீட்டர் ஓக் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட 20 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். கால் பழகிய உயரத்துக்கே எழும்பும், அந்தக் கடைசிப் படியில் தடுக்கும். எந்தத் தரை, எத்தனை மில்லிமீட்டர் என்பது படிக்கட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

மரம் குடிக்கும் காற்று

மழைக்காலத்தில் வாசற்கதவு நிலைக்குள் இறுகிக்கொள்வதும், கோடையில் தானாகத் தளர்வதும் நம் ஊர் வீடுகளில் கண்டதுதான். வெட்டி, சூளையில் உலர்த்தி, இழைத்து, எண்ணெய் பூசிய பிறகும் மரம் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறினால் அகலத்தில் பெருகும், இறங்கினால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகச் சொற்பம்.

லண்டன் பரணில் இந்தக் கொடுக்கல் வாங்கல் மற்ற அறைகளைவிட வேகமாக நடக்கிறது. குளிர்காலத்தில் பூஜ்ய டிகிரிக் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதே காற்று உள்ளே வந்து ஹீட்டரில் 20 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் 25 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் உயர்த்தினாலும், வீட்டின் சூடெல்லாம் மேலேறிச் சேரும் அறை என்பதால் பரண் உலர்ந்தே கிடக்கும். கோடையிலோ கூரை நேராக வெயிலை வாங்குகிறது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் அதுவரை காணாத வெப்பம். அதன் பிறகு, குளிருக்கு மட்டும் கட்டிய வீடுகளில் கூரையறைகள் படும் பாட்டை எல்லோரும் பேசத் தொடங்கினார்கள்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். சூடேற்றிய வீட்டில் தரைமரத்தின் ஈரம் பொதுவாக 8 முதல் 12 சதவீதத்துக்குள் ஏறி இறங்கும். 130 மில்லிமீட்டர் அகல ஓக் பலகை ஒன்று 11 சதவீதத்திலிருந்து 7க்கு உலர்ந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரை சுருங்கலாம். ஒரு பலகைக்கு அது ஒன்றுமில்லை. நாலு மீட்டர் அகல அறையில் முப்பது பலகைகள் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் நாலரை சென்டிமீட்டர். அத்தனையும் ஒரே இடத்தில் திறந்துகொண்டால் தரையில் பிளவு தெரியும். மாறாக, ஈரம் ஏறிப் பெருகும்போது ஒதுங்க இடமில்லாவிட்டால் பலகைகள் நடுவில் கூரைபோல் எழும்பி நிற்கும்.

எந்த மரம், எவ்வளவு அகலம்?

மரம் என்றதும் தமிழ் மனம் தேக்கைத்தான் தேடும். காரணமில்லாமல் இல்லை. ஈர மாற்றத்துக்குத் தேக்கு அசைவது ஓக்கின் அசைவில் சுமார் பாதிதான். ஆனால் செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நிற்கும் பர்மாத் தேக்கு இன்று லண்டனில் எளிதில் வாங்கக்கூடிய பொருளல்ல. மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்நாட்டின் அரசு மர நிறுவனத்தின்மீது பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2021இல் தடை விதித்தன. தோட்டத் தேக்கு கிடைக்கிறது. வாங்குபவர் அது எந்த நாட்டிலிருந்து, எந்தச் சான்றிதழோடு வருகிறது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பிரிட்டனில் அதிகம் போடப்படுவது ஐரோப்பிய ஓக். உறுதி, ரேகை அழகு, விலை மூன்றும் ஓரளவு ஒத்துவரும். பீச் மரம் கெட்டியானது, ஆனால் ஈரத்துக்கு ஓக்கைவிட அதிகம் ஆடும்; பரணுக்கு ஏற்றதல்ல. கறுப்பு வால்நட் அழகு, ஆனால் மென்மை. நாற்காலிக் கால் பட்டாலே குழி விழும்.

ஒரே ஓக்கிலும் தரங்கள் பல. பிரைம் என்றால் முடிச்சுகள் அரிது, நிறம் சீர். ரஸ்டிக் என்றால் முடிச்சும் வெடிப்பும் வண்ண வேறுபாடும் தாராளம், விலை குறைவு. இரண்டின் பலமும் பெரிதாக வேறுபடாது, தோற்றமே வேறு. அகலம் அப்படியல்ல. 200 மில்லிமீட்டர் பலகை கண்ணுக்குக் கம்பீரம், ஆனால் இடைவெளியும் அதே விகிதத்தில் அகலும். பரணுக்கு 90 முதல் 130 மில்லிமீட்டருக்குள் நிற்பது நல்லது. ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி அறுத்த மரம் சாதாரண அறுப்பைவிட ஏறக்குறைய பாதியே அசையும், விலை கூடுதல்.

அறைக்குத் தரைவழிச் சூடு போடுவதாக இருந்தாலோ, அகலப் பலகைதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தாலோ, எஞ்சினியர்ட் பலகை கைகொடுக்கும். மேலே 3 முதல் 6 மில்லிமீட்டர் அசல் ஓக், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அசைவு மிகக் குறைவு. முழு ஓக் பலகையை வாழ்நாளில் பலமுறை தேய்த்துப் புதுப்பிக்கலாம், மெல்லிய எஞ்சினியர்ட் பலகையை ஓரிரு முறைதான் என்பதே முக்கிய வேறுபாடு. பரணில் குளியலறை இருந்தால் அங்கே மரம் வேண்டாம், ஓடு பதிப்பதே மேல்.

பலகை எப்போது மேலேறலாம்?

இங்கேதான் பல வீடுகளில் கணக்கு தப்புகிறது. வெளியே சாரம் நிற்கும்போது நீளப் பலகைகளைக் கூரைவழி ஏற்றிவிடுவது சுலபம். சாரம் பிரித்தபின் குறுகிய படிக்கட்டின் திருப்பத்தில் இரண்டு மீட்டர் பலகையைத் திருப்புவதே பெரும்பாடு. ஆனால் சாரம் நிற்கும் காலத்தில்தான் சுவர்ப்பூச்சு ஈரமாக இருக்கும். பூச்சு உலர உலர அந்தத் தண்ணீரெல்லாம் காற்றில் கலக்கிறது. அந்த அறையில் கிடக்கும் ஓக் அதைக் குடித்துப் பெருத்துவிடும். பெருத்த நிலையில் இறுக்கி ஆணியடித்தால், முதல் குளிர்காலத்தில் இடுக்குகள் விரியும்.

எனவே பூச்சு, பெயின்ட், ஜன்னல் எல்லாம் முடிந்து, ஹீட்டர் வழக்கம்போல் ஓடத் தொடங்கிய பிறகே பலகை உள்ளே வர வேண்டும். கட்டுகளைப் பிரித்து, வரிசைகளுக்கிடையே சிறு கட்டைகள் கொடுத்து, காற்றுப் புகும்படி அடுக்கி வைக்கிறார்கள். எத்தனை நாள் என்பதற்குப் பொது விடை கிடையாது. கையடக்க ஈரமானி விடை சொல்லும். பலகையின் ஈரமும் அடித்தரையின் ஈரமும் நெருங்கி, சில நாட்களாக அளவு மாறாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

ஆணியும் இடைவெளியும்

தாங்குசட்டங்களின்மேல் பொதுவாக 18 அல்லது 22 மில்லிமீட்டர் சிப்போர்டை முதலில் விரித்திருப்பார்கள். அது ஆடினால் மேலே எந்த மரம் போட்டாலும் கிறீச்சிடும். அதனால் சட்டத்தோடு திருகாணியால் இறுக்குவதே முதல் வேலை. பலகைகள் சட்டங்களுக்குக் குறுக்கே ஓட வேண்டும். அப்போதுதான் ஒவ்வோர் ஆணியும் சிப்போர்டைத் தாண்டிச் சட்டத்தின் உடம்பில் இறங்கும்.

பழைய வீட்டின் பக்கச்சுவர் நேராக இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை. நல்ல தச்சர் சுண்ணக்கயிறு தட்டி ஒரு நேர்கோட்டை எடுத்து, முதல் வரிசையை அதற்கே ஒட்டி வைக்கிறார். சுவரின் கோணலை ஓரப் பலகையை அறுத்துச் சரிக்கட்டுகிறார். ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் நுழையும். அந்த நாக்கின் வழியே 45 டிகிரிச் சாய்வில் ஆணி இறங்கினால் மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது. பலகையின் ஒரு விளிம்பு மட்டுமே பிடிபட்டிருப்பதால், மறுவிளிம்பு சுருங்கவும் விரியவும் வழி இருக்கிறது. முனை இணைப்புகள் அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே நேரில் விழாமல் குறைந்தது ஓரடி தள்ளி வர வேண்டும்.

சுவரோரம், புகைபோக்கிச் செங்கல், படிக்கட்டு விளிம்பு என எங்கும் 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். ஸ்கர்ட்டிங் பலகை அதை மறைத்துவிடும். அந்த ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் அடிக்க வேண்டும், தரையில் அல்ல. சாய்கூரையின் அடிச்சுவரும் படிக்கட்டுத் திறப்பும் அறையை வெட்டி வெட்டி விடுவதால் சேதாரம் அதிகம். அளவைவிட 10 சதவீதம் கூடுதலாக வாங்குவது வழக்கம். கோணல் அறைக்கு அதுவும் பற்றாது.

கீழே தூங்குபவர்களையும் நினைக்க வேண்டும். சட்டங்களுக்கிடையே அடைக்கும் மினரல் வூல் பேச்சுச் சத்தத்தைத் தடுக்கும். குதிகால் சத்தத்தை முழுதாகத் தடுக்காது. ஆணியடித்த தரைக்கு அடியில் தடிமனான நுரைமெத்தை போட முடியாது, பலகை துள்ளும். கட்டிலருகே ஒரு கம்பள விரிப்பு அந்தச் சத்தத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும்.

முதல் வருடம்

கூரை ஜன்னல் வழியே வெயில் நேராகத் தரையில் விழும் அறை இது. ஓக் வெயிலில் தேன் நிறத்துக்குச் சாயும், வால்நட் வெளுக்கும். விரிப்புக்கு அடியில் பழைய நிறமே நிற்கும் என்பதால் முதல் சில மாதங்கள் விரிப்பை அவ்வப்போது இடம் மாற்றிப் போடுகிறார்கள். எண்ணெய்-மெழுகுப் பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசிவிடலாம். வார்னிஷ் நீடித்து உழைக்கும், ஆனால் பழுதுபட்டால் முழு அறையையும் தேய்க்க வேண்டிவரும். ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை பிடிக்கும். ஈரத்துணியோடு இரும்பு நாரைப் பயன்படுத்தவே கூடாது.

முதல் குளிர்காலத்தில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் பலகைகளுக்கிடையே மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றை மக்குக் கலவையால் அடைக்க வேண்டியதில்லை. கோடை வந்ததும் ஈரம் ஏறி மரம் பெருகி அந்தக் கலவையை வெளியே தள்ளிவிடும். அறையில் ஒரு சிறிய ஈரப்பதமானி வைத்து 40க்கும் 60க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கோடுகள் ஜூலை வரை மூடாமலே இருந்தால், தரை போட்டவரைக் கூப்பிடலாம். மிஞ்சிய நாலைந்து பலகைகளைத் தூக்கிப் போடாமல் அதே அறையில் கட்டிலடியில் வைத்திருந்தால், பழுது பார்க்க வருபவர் அதே காற்றில் பழகிய மரத்தையே எடுத்துப் பொருத்துவார்.