தலவில கடற்கரையில் எடுத்த படம்



உங்கள் வீட்டுப் பழைய அல்பத்தைச் சற்று எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எஹலியகொடவிலோ, அவிசாவளையிலோ, தெரணியகலையிலோ, இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றிலோ நீங்கள் வாழ்பவராக இருக்கலாம். சுற்றிலும் இறப்பர் மலையும் தேயிலை மலையுமாக, கடலைக் காண வேண்டுமென்றால் ஒரு முழு நாளையே ஒதுக்க வேண்டிய ஊர்கள் இவை. ஆயினும் அந்த அல்பத்தைப் புரட்டினால் எங்கேனும் ஒரு பக்கத்தில் கடல் வந்துவிடும். காலிமுகத்திடல், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருவிழாவுக்குப் போன நாள், நீர்கொழும்பு, தலவில என்று ஏதாவதொரு கரையில், உங்கள் குடும்பத்தார் கடலுக்கு முதுகு காட்டி, வெயிலுக்குக் கண்களைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள்.

கடலோரத்தில் வாழ்கிறவர்கள் கடலுடன் படம் எடுத்து வைத்துக்கொள்வது குறைவு. மலையில் வாழ்கிற நமக்கோ அது ஆண்டுக்கொரு முறை, சிலருக்கு ஆயுளில் இரண்டு மூன்று முறை மட்டுமே கிட்டும் காட்சி. அதனாலேயே அந்தப் படங்களில் நாம் எண்ணியதைவிட அதிகமான செய்தி அடங்கிக் கிடக்கிறது என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

எங்கள் வீட்டில் அத்தகைய படம் ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டு தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் சென்றபோது எடுத்தது. எங்களுடையது இறப்பர்த் தோட்டம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையேல் பெயரும் இல்லை. எஹலியகொட மழைக்குப் பெயர்போன ஊர் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் லயத்துப் பத்துக் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில்தான் பஸ் பேசினோம். அப்பொழுது எனக்கு எட்டு வயது. சிலாபம் தாண்டிப் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பியதும், உப்பளங்களில் குவித்து வைத்திருந்த வெண்மையைப் பார்த்துப் பிள்ளைகளாகிய நாங்கள் கூச்சலிட்டது இன்றும் காதில் கேட்கிறது. வலப்புறம் களப்பு, இடப்புறம் தென்னைகளுக்கு அப்பால் எங்கோ கடல். தலவில ஆலயத்தை அடைந்து, திருப்பலி கண்டு, கூடாரத்தில் சமைத்து உண்ட பின்னரே எங்களைக் கரைக்கு அழைத்துச் சென்றார்கள்.

யாத்திரிகர் கூட்டத்துக்குள் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புகைப்படக்காரர் ஒருவர் நின்றிருந்தார். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, முகவரியையும் எழுதிக்கொண்டு, படத்தைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். படம் வரவே வராது என்று அப்பா ஊர் திரும்பும் வரை புலம்பினார். ஐந்து வாரம் கழித்து வந்து சேர்ந்தது. வந்த படத்தைப் பார்த்து அப்பாவுக்கு மீண்டும் கோபம். நாங்கள் எல்லோரும் கமராவைப் பார்த்திருக்க, அப்பாயி மாத்திரம் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். “காசு கொடுத்து எடுத்த ஒரே படம், அதையும் அம்மா கெடுத்துருச்சு” என்பார் அப்பா. எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் அது கெட்டுப்போன படமாகவே இருந்தது.

அப்பாயி இறந்து, முப்பதாம் நாள் பூசை முடிந்த மாலையில், வந்தவர்கள் பார்க்கட்டும் என்று அந்தப் படத்தை வெளியே எடுத்தோம். அன்று கரையில் அப்பாயிக்கு அருகில் நின்றிருந்த அத்தை, அதைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “படம் பிடிக்கிறவரு ‘இங்க பாருங்க, இங்க பாருங்க’ன்னு கத்துனாரு. அம்மா காதுல விழல. அதுக்கு முன்னுக்குத்தான் கருவாடு வித்த பொம்பளகிட்ட, தலைமன்னாரு எந்தப் பக்கம்னு கேட்டுச்சு. அவ கைகாட்டுன திசையத்தான் பார்த்துக்கிட்டு நின்னுச்சு.”

அப்பாயியின் அக்கா 1972இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். எஹலியகொட நிலையத்தில் சிறிய ரயில் ஏறிக் கொழும்புக்கும், அங்கிருந்து தலைமன்னாருக்கும் போனவர். வழியனுப்ப எஹலியகொட வரைதான் அப்பாயியால் போக முடிந்தது. அதற்கப்பால் இருந்த கடலை அவர் கண்டதில்லை. ஆறு ஆண்டுகள் கழித்துக் கண்டபோது, அந்தக் கடலில் அக்கா போன இடம் எந்தப் பக்கம் என்பதையே அவர் முதலில் தேடியிருக்கிறார். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: தலவிலவிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ நேர் வடக்கே, நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. மேற்குக் கரையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவருக்கு வடக்கு இடக்கைப் பக்கம். படத்தில் அப்பாயி திரும்பியிருப்பதும் அந்தப் பக்கமே.

இளைய வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று கணக்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று. பட்டியலில் எண்ணாக இருந்தது லயத்தில் அக்காளும் தங்கையுமாக இருந்தது. அப்பாயியின் கணவர் இலங்கைக்கு விண்ணப்பித்தார். அக்காளின் கணவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அவ்வளவுதான் வித்தியாசம். போனவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்தின் புனலூர்ப் பக்கத்திலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் இறப்பர்த் தோட்டங்களிலும் குடியேற்றப்பட்டார்கள். அப்பாயியின் அக்கா சுள்ளியாப் பக்கம் போனதாகச் சில கடிதங்கள் சொல்லின. பின்னர் கடிதமும் நின்றுபோயிற்று.

நம் முன்னோர் வந்த வழியும் பெரும்பாலும் அதே கடல்தான். 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலையும் கப்பலையும் இணைத்த சேவை தொடங்கியது. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகச் சில நாள்கள் அடைத்து வைக்கப்பட்டு, அந்த வழியாக வந்தவர்கள் பல்லாயிரம் பேர். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளுடன் வந்த ரயிலையும் கடல் விழுங்கியது. அதன் பின் திரும்பிப் போனவர்களின் கப்பல் இராமேஸ்வரத்தில் கரை தொட்டது. 1980களில் போர்ச் சூழலில் அந்தச் சேவையும் நின்றது.

இன்று தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் அங்குள்ள இடிந்த ஆலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கூரையற்ற சுவர், அதற்குப் பின்னால் நீலக் கடல், மேலே வானம் என்று எந்தப் பக்கம் கமராவைத் திருப்பினாலும் அழகாகவே விழும். நானும் அத்தகைய படங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். என் மனதுக்கு ஒன்று உறுத்துகிறது. அந்தச் சுவருக்குள் பூசை கண்டு கப்பல் ஏறிய நம்மவர் ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா? அழகை எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் படம் எடுப்பவரிடம் அந்தக் கேள்வி இல்லாவிட்டால், அது எந்த நாட்டுக் கடற்கரையாகவும் இருந்துவிடக்கூடும்.

கடற்கரை நினைவைக் கிளறும் என்பதை நற்செய்தியில் புனித பேதுருவின் வாழ்விலேயே காண்கிறோம். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசித்துப் பாருங்கள். இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்கள் விடியலில் கரைக்கு வரும்போது, உயிர்த்த ஆண்டவர் அங்கே கரி நெருப்பு மூட்டி வைத்திருக்கிறார். மீன் வேகிறது. இதே நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் முற்றத்திலும் ஒரு கரி நெருப்பு எரிந்தது. அதன் அருகே குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்றார். அந்த நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. கரையில் கரி மணம் மூக்கில் ஏறிய அக்கணம் பேதுருவுக்கு எது நினைவுக்கு வந்திருக்கும்? ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; அமரச் செய்து உணவு கொடுத்தார். கேள்வியை அதன் பின்னரே மூன்று முறை கேட்டார். நம் வீட்டு முதியவர்களிடம் பழைய வலியைப் பற்றிக் கேட்கும்போதும் இந்த ஒழுங்கு நல்லது என்று தோன்றுகிறது. முதலில் தேநீர் கொடுங்கள், படத்தைக் கையில் கொடுங்கள், பிறகு கேளுங்கள்.

கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து கரையோரக் களுத்துறையில் வாழ்ந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாத் தோட்டமொன்றில் இறந்து, பொகவந்தலாவை ஆலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் கவிஞர், அறிவியலாளர் எல்லோருக்கும் பெயர் உண்டு. களுத்துறையில் 1878இல் அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தின் தலைப்போ ‘களுத்துறை உழவர்கள் குழு’. நேராக நம்மைப் பார்க்கும் அந்த முகங்களுக்குப் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் படத்தைக் கடந்து போனாலும் அடையாளம் காண மாட்டார்கள். நம் அல்பங்களில் நாமே நம்மவரை அப்படிப் பெயரற்றவராக விட்டுவிடக் கூடாதல்லவா?

ஆகவே படத்தின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். பசையில் ஒட்டும் பிளாஸ்ரிக் தாள் அல்பங்கள் படத்தை மஞ்சளாக்கிவிடும். சாதாரணக் கடதாசி உறைகளே மேல். நம் பகுதியின் ஈரத்தில் பூஞ்சணம் மிக விரைவாகப் பிடிக்கும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டத்தை மூழ்கடித்த வெள்ளங்களில் உடுப்பும் பாத்திரமும் திரும்ப வாங்கப்பட்டன. படங்களை எந்தக் கடையில் வாங்குவது? நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை வலிந்து பிரிக்காதீர்கள். சுத்தமான நீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த பின் கைத்தொலைபேசியால் அவற்றையும் ஒரு படம் எடுத்து, வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு பிரதி வேறெங்காவது இருந்தால் மனதுக்கு நிம்மதி.

புதிதாக எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். நம் யாத்திரைத் தலங்கள் பலவும் மேற்குக் கரையில் இருப்பதால், மாலையில் கடலைப் பின்னணியாக வைத்து எடுத்தால் முகங்கள் இருண்டுவிடும். காலையில் எடுங்கள்; வெயில் முகத்தில் விழும். உப்புக் காற்றில் தொலைபேசிக் கண்ணாடி மங்கும், துடைத்துக்கொள்ளுங்கள். திகதியையும் இடத்தையும் தொலைபேசி தானே பதிந்துகொள்ளும். நிற்பவர் யார், எதை நினைத்து நின்றார் என்பதை நீங்கள்தான் பதிய வேண்டும்.

சென்ற ஆண்டு பேத்தியுடன் மீண்டும் தலவில போனேன். அவள் கடலை மாத்திரம் நாற்பது படம் எடுத்திருந்தாள். அநேகமானவற்றில் அடிவானம் சரிந்திருந்தது. அப்பாயி நின்ற இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கரை மாறியிருக்கிறது. “தாத்தா, எந்தப் பக்கம் பார்த்தாங்க?” என்று கேட்டாள். வடக்கே கைகாட்டினேன். அந்தப் பக்கம் தொலைபேசியைத் திருப்பி ஒரே ஒரு படம் எடுத்தாள். மணல், கரையில் இழுத்து வைத்த இரண்டு வள்ளங்கள், அதற்கப்பால் வெயிலில் மங்கிப்போன தென்னைகள். வேறொன்றுமில்லை.

அதை அச்சிட்டு, 1978ஆம் ஆண்டுப் படத்துடன் ஒரே உறையில் வைத்திருக்கிறோம். பின்புறத்தில் பேத்தி பென்சிலால் எழுதியிருக்கிறாள்: “தலவில. பூட்டி பார்த்த பக்கம்.” அதன் கீழே அப்பாயியின் பெயரையும் அவர் அக்காவின் பெயரையும் நான் எழுதினேன்.