வீட்டுப் பாடமும் விளையாட்டுக் கருவியும்



பள்ளிக்கூடத்திலேயே 35 ஆண்டுகளைக் கழித்தவன் நான். 1982-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியனாகச் சேர்ந்து, பின்னர்த் தலைமையாசிரியனாகி, 2017-இல் ஓய்வு பெற்றேன். அத்தகைய ஒருவன், பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே பயிலும் குழந்தைகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் அது முதலில் வியப்பாகவும், ஓரளவு வருத்தமாகவுமே இருந்தது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. அந்த இடைக்காலத்தில் என் மகள் தன் குழந்தைகள் இருவருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித் தந்தாள். பள்ளி திறந்த பின்னரும், “இன்னும் சில ஆண்டுகள் இப்படியே நடத்திப் பார்க்கிறேன், அப்பா” என்றாள். நான் தடுத்துப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. “குறை சொல்வதை விட்டு, நீங்களும் வந்து கற்றுக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக் கல்விக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. வீட்டுக் கல்வியை நெறிப்படுத்தும் தனி விதி அச்சட்டத்தில் இல்லை. வீட்டில் பயின்றவர்களும், 14 வயது நிறைந்த பின், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுத முடியும். அந்த வழியை நம்பித்தான் பல பெற்றோர் இம்முயற்சியில் இறங்குகின்றனர். இது சரியா தவறா என்னும் வழக்கை இன்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வீட்டில் நான் கற்ற ஒரு பாடத்தை மட்டும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கல்விக் கருவி என்று கடையில் விற்கும் பொருள்களில் எது உண்மையிலேயே கற்பிக்கிறது என்பதே அந்தப் பாடம்.

குழந்தையின் கையில் ஒரு பொருளைக் கொடுத்து அதன் வாயிலாக அறிவைத் தரலாம் என்னும் எண்ணம் புதியதன்று. ஜெர்மனி நாட்டில் புரோபெல் என்னும் அறிஞர் 1837-இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டினார். கம்பளி நூலால் செய்த பந்துகள், மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவையே அவர் குழந்தைகளுக்கு அளித்த பரிசுகள்.

அவருக்குப் பின் வந்தவர் இத்தாலி நாட்டு மருத்துவரான மாண்டிசோரி அம்மையார். 1907 சனவரி 6-ஆம் நாள், ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில், ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றை அவர் தொடங்கினார். அவருக்கும் நமக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரம்மஞான சபைத் தலைவரான அருண்டேல் அவர்களின் அழைப்பை ஏற்று, 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டுக் குடிமகள் என்னும் முறையில் ஆங்கில அரசின் கட்டுப்பாட்டுக்கு உள்ளானார். எனினும் 1946 வரை இந்நாட்டிலேயே தங்கினார். அடையாற்றிலும் கொடைக்கானலிலும் குழந்தைகளிடையே தம் பணியைத் தொடர்ந்தார்.

அவர் அமைத்த கருவிகளில் இரண்டை மட்டும் விளக்குகிறேன். முதலாவது, இளஞ்சிவப்புக் கோபுரம். பத்து மரக்கட்டைகள், எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். முதற்கட்டையின் பக்கம் ஒரு சென்டிமீட்டர். பத்தாவதன் பக்கம் பத்து சென்டிமீட்டர். நிறமும் வடிவமும் மாறாமல் அளவு மட்டுமே மாறுவதால், குழந்தையின் கருத்து அளவிலேயே ஊன்றி நிற்கிறது. இரண்டாவது, உருளைக் கட்டை. நீண்ட மரக்கட்டை ஒன்றில் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பொருந்தும் உருளை ஒன்று. ஓர் உருளையை வேறு குழியில் வைத்துவிட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி மீந்துவிடும். குழந்தை தானே எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பவும் அடுக்கத் தொடங்கும். ‘தவறு’ என்று யாரும் சொல்ல வேண்டுவதில்லை, கட்டையே சொல்லிவிடுகிறது.

ஆசிரியப் பயிற்சியின்போது இவற்றையெல்லாம் நானும் படித்தேன். தேர்வில் விடையும் எழுதினேன். ஆனால் அவற்றின் பொருள் எனக்கு விளங்கியது, ஓய்வு பெற்ற பின்னர், என் பேத்தியின் முன் அமர்ந்தபோதுதான்.

2022-ஆம் ஆண்டு அவளுக்கு வயது ஏழு. நூறு வரை எண்களைத் தடையின்றி எழுதுவாள். “முந்நூற்று ஒன்று எழுது” என்றேன். 3001 என்று எழுதினாள். நான் சிவப்பு மையால் அடித்து, 301 என்று திருத்தினேன். “இருநூற்று நான்கு” என்றேன். 2004 என்று எழுதினாள். மறுபடியும் அடித்தேன். ஒரு வாரம் இவ்வாறு சென்றது. எட்டாம் நாள் கணக்கு நோட்டைக் காணவில்லை. தேடியபோது, அது அரிசித் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது.

அந்த நோட்டைக் கையில் எடுத்தபோது எனக்குப் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், மூன்றாம் வகுப்பில் இதே தவற்றைச் செய்தவன் அவன். அவன் நோட்டு முழுவதும் ‘கவனக் குறைவு’ என்று எழுதி வைத்தேன். ஒரு நாள் அவன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தேன். ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். வறுமையே அதற்குத் தலையாய காரணம் என்பதை நான் அறிவேன். ஆயினும் அவன் தாய் கூறிய சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. “அவனுக்குக் கணக்கு வராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே, ஐயா” என்றாள் அவள். அப்படி நான் வாயால் சொன்னதில்லை. என் சிவப்பு மை சொல்லியிருக்கிறது.

பேத்திக்கும் அந்த நிலை வந்துவிடக்கூடாதே என்னும் அச்சத்தில், நகரத்துக்குச் சென்று, 2,000 ரூபாய்க்கு மேல் விலை கொடுத்து, பேசும் எண் பலகை ஒன்றை வாங்கி வந்தேன். பாட்டரியால் இயங்குவது அது. “முந்நூற்று ஒன்று எது?” என்று அது கேட்கும்; நான்கு எண்களைக் காட்டும். சரியான எண்ணைத் தொட்டால் இசை எழும். தவறான எண்ணைத் தொட்டால் உறுமும். இரண்டே நாளில் பேத்தி அதில் தேர்ந்துவிட்டாள். எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அருகில் அமர்ந்து கூர்ந்து நோக்கியபோது உண்மை விளங்கியது. அவள் எண்ணைப் பார்க்கவே இல்லை. நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்கிறாள்; எங்கே இசை எழுகிறதோ அங்கே நிறுத்துகிறாள். நான் சிவப்பு மையால் செய்ததைப் பலகை உறுமலால் செய்தது, அவ்வளவே வேறுபாடு. தவறு என்று அறிவித்ததே ஒழிய, ஏன் தவறு என்பதை அது காட்டவில்லை.

இதற்குள் நாலு வயதுப் பேரன் எனக்கு ஆசிரியனாகிவிட்டான். அவனுக்கென வாங்கிய வண்ண அட்டைகள் மூலையில் கிடந்தன. அவனோ பாட்டியின் சமையலறையில் எவர்சில்வர் அடுக்கு டப்பாக்களைக் கீழே பரப்பி, ஒவ்வொன்றுக்கும் உரிய மூடியைத் தேடிக்கொண்டிருந்தான். மூடி பெரிதாக இருந்தால் கழன்று விழும். சிறிதாக இருந்தால் உள்ளே போய்விடும். முகம் சுளிக்காமல் மீண்டும் மீண்டும் முயன்றான். மாண்டிசோரி அம்மையாரின் உருளைக் கட்டை என் வீட்டு அடுக்களையிலேயே இருந்ததை அன்றுதான் கண்டேன்.

அன்று மாலை, பேத்தி ஏன் அப்படி எழுதுகிறாள் என்று முதன்முறையாகச் சிந்தித்தேன். ‘முந்நூறு’ என்று காதில் விழுந்ததும் 300 என எழுதுகிறாள்; ‘ஒன்று’ என்றதும் அருகில் 1 சேர்க்கிறாள். கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறாள். இதில் கவனக் குறைவு எங்கே? நம் முன்னோரும் அப்படித்தான் எழுதினர். பழந்தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. முந்நூற்று ஒன்றை ௩௱௧ என்று, மூன்று, நூறு, ஒன்று என ஒலிக்கும் வரிசையிலேயே எழுதினர். அங்கே சுழியத்துக்கு வேலை இல்லை. இன்று நாம் வழங்கும் எண்களிலோ நூறு என்பதற்குக் குறி கிடையாது; இடம்தான் நூறு என்று சொல்கிறது. காலியான இடத்தைச் சுழியம் காத்து நிற்கிறது. அந்த இடத்தைத்தான் என் பேத்தி கண்டதில்லை.

மறுநாள் தென்னந்துடைப்பங்கள் சிலவற்றை அவிழ்த்தோம். என் மனைவி கோபித்துக்கொண்டதைச் சொல்ல வேண்டியதில்லை. ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்கினோம். பத்து ஈர்க்கை நூலால் கட்டினால் ஒரு பத்து. பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு நூறு. கட்டும் வேலை முழுவதையும் பேத்தியே செய்தாள். மூன்று நாள் ஆயிற்று. பிறகு ஓர் அட்டையில் ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என நான்கு கட்டங்கள் வரைந்தேன். ஒன்றும் பேசுவதில்லை என்று எனக்குள் உறுதி செய்துகொண்டேன்.

“முந்நூற்று ஒன்று” என்றேன். அவள் 3001 என்று எழுதினாள். “எழுதியதை ஈர்க்கால் வைத்துக் காட்டு, அம்மா” என்றேன். மூன்று என்னும் எண் ஆயிரத்தின் கட்டத்தில் நிற்பதைப் பார்த்தாள்; ஈர்க்குக் குவியலைப் பார்த்தாள். “தாத்தா, ஆயிரக் கட்டு மூன்று வேண்டுமே! நம்மிடம் ஒன்றுகூட இல்லையே” என்றாள். நான் வாய் திறக்கவில்லை. நெடுநேரம் கழித்து, மூன்று நூற்றுக் கட்டுகளை எடுத்து நூற்றின் கட்டத்தில் வைத்தாள். ஓர் ஈர்க்கை ஒன்றின் கட்டத்தில் வைத்தாள். நடுவே இருந்த வெற்றுக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, “இங்கே ஒன்றும் இல்லை, அதனால்தான் சுழியமா?” என்று கேட்டாள். தானே 3001-ஐ அடித்து, 301 என்று எழுதினாள்.

அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அதன் பின்னரும் சில நாள் தவறினாள். ஆனால் தவறியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தாள். சில வாரங்களில் ஈர்க்கும் அட்டையும் தேவையற்றுப் போயின.

நண்பர்களே, ஒரு குடும்பத்தின் அனுபவம் எல்லாருக்கும் விதியாகிவிடாது. வீட்டுக் கல்வியின் குறைகளையும் நான் கண்டேன். வகுப்பில் 30 குழந்தைகளோடு பழகி, விட்டுக்கொடுத்து, வாதாடிப் பெறும் பயிற்சி வீட்டில் கிடைப்பது அரிது. அதை உணர்ந்தே என் மகள் மாலைதோறும் குழந்தைகளைத் தெருப்பிள்ளைகளோடு விளையாட அனுப்புகிறாள். நாள் முழுவதும் உடனிருந்து கற்பிக்கும் வாய்ப்பும் எல்லாத் தாய்மார்க்கும் வாய்ப்பதில்லை. கூலி வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தைக்குப் பள்ளிக்கூடமே புகலிடம். ஆகவே, வீட்டில் நான் கண்ட உண்மை பள்ளிக்கும் உரியதாக வேண்டும் என்பதே என் விருப்பம்.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள்; பலர் பெற்றோராவீர்கள். இன்றே தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லித் தருவோரும் உங்களிடையே இருப்பீர்கள். ஒரு கல்விக் கருவியைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கருத்தை மட்டும் இது தெளிவாகக் காட்டுகிறதா? குழந்தை தன் தவற்றைத் தானே காண இது வழி செய்கிறதா? கற்ற பின், இதைக் கீழே வைத்துவிட்டு மனத்தாலேயே நடக்க முடிகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால், அது ஈர்க்காயினும் நல்ல கருவியே. இல்லையெனில், எத்தனை ஆயிரம் விலையாயினும் அது வெறும் விளையாட்டுப் பொருளே.

அந்தப் பேசும் எண் பலகை இன்றும் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. சிவப்பு மைப் பேனாவையும் அதனருகிலேயே வைத்துவிட்டேன். அந்த மூன்றாம் வகுப்புச் சிறுவனுக்கு இன்று வயது நாற்பதைக் கடந்திருக்கும். அவன் முன்னால் நான் ஒருநாளாவது ஒரு கட்டு ஈர்க்கை வைத்திருக்கலாம்.